ஆணியில் மாட்டிய கடவுச்சொல்

கொழும்பு
09.07.2007

அன்புள்ள நாகு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமலே வைத்துவிடக்கூடும். பிரித்துவிட்டாய் என்றால் முழுவதையும் வாசி. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் ஒன்பது வருடம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். அந்த உரிமையை இரண்டு வருடத்துக்கு முன்பே நீ என்னிடமிருந்து எடுத்துவிட்டாய் என்பது தெரியும். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

விஷயம் அலுவலக விஷயம்தான். நம் கம்பனியின் பதினெட்டுத் தோட்டங்களிலும் இங்கே தலைமை அலுவலகத்திலும் உள்ள எல்லாக் கணினிகளின் கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாடு வருகிறது. அதற்குப் பெட்டகம் என்று நான்தான் பெயர் வைத்தேன். கணினிப் பகுதியில் இருந்துகொண்டு இரண்டு வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கியது இது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் சாவிபோல ஒரு திறப்பு இருக்கும். அந்தத் திறப்பால், தனக்கு அனுமதி உள்ள கணினியின் கடவுச்சொல்லை அவர் எடுக்கலாம். யார், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதைப் பெட்டகம் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவை அழிக்க என்னாலும் முடியாது.

இதற்காகத் தோட்டம் தோட்டமாக விசாரித்தேன். பதினொரு இடங்களில் தோட்டத்தின் பெயரேதான் கடவுச்சொல். ஓரிடத்தில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் நாயுடைய பெயர். நாய் செத்து மூன்று வருடமாகியும் அதுதான் இன்னும் காவல். இன்னோரிடத்தில் கணினியின் நெற்றியிலேயே, திருநீறு பூசுவதுபோல, எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள்.

பதினேழு தோட்டங்கள் சேர்ந்துவிட்டன. உங்கள் ஆட்லின் தோட்டம் மட்டும் பாக்கி. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தியைக் கேட்டால், "அது நாகலெட்சுமிக்கு மட்டுந்தாங்க தெரியும். எனக்கே சொல்ல மாட்டேங்குது" என்கிறார். இது ஆபத்து, நாகு. நீ ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் தோட்டத்து ஆபீசும் உன்னோடு படுத்துவிடும். படிவம் இணைத்திருக்கிறேன். உன் பெயரையும், நீ இல்லாத நாளில் திறக்கக்கூடிய இன்னொருவரின் பெயரையும் எழுதவேண்டும். ஒக்டோபர் 31க்கு மேல் பொறுக்கமாட்டார்கள்.

சிவசாமி மாமா எப்படி இருக்கிறார்? மாமி? அப்பா உங்கள் எல்லோரையும் அடிக்கடி விசாரிக்கிறார்.

உன்
ஊர்மிளா


மே/பா. ஹமீத் ஸ்டோர்ஸ்
கொட்டகலை
18.07.2007

கணினிப் பகுதி அதிகாரி ஊர்மிளா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எழுதுவதானால் மேலே உள்ள கடை விலாசத்துக்கு எழுதுங்கள். தோட்டத்துத் தபால் பை ஆபீசில் பத்துக் கை மாறித்தான் என்னிடம் வருகிறது. பூட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய உங்களுக்கு அது தோன்றவில்லை.

ஹமீத் நானாவின் கடைக்குப் பின்னால்தான் இப்போது எங்கள் வீடு. ஓர் அறையும் ஒரு குசினியும். அப்பாவைக் கம்பனி வேலையிலிருந்து அனுப்பியபோது குவாட்டர்ஸை இருபத்தொரு நாளில் விடச் சொன்னார்கள். அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர் ஒருவர்தான். "சிவசாமி அய்யா, சாமான வையுங்க, மத்தத பொறகு பேசுவோம்" என்றார். பிறகு பேசவே இல்லை. அம்மா நலம். அப்பாவை டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாதா மாதம் காட்டுகிறோம். இதயம் பலவீனம் என்கிறார்கள்.

படிவத்தைப் பார்த்தேன். ஆடி மழைக்கு வாரத்தில் மூன்று நாள் இங்கே டெலிபோன் லைன் அறுந்து கிடக்கும். கொழும்பில் இருக்கும் பெட்டகத்தை நாங்கள் எந்தக் கம்பியைப் பிடித்துத் திறப்பது? அன்றைய செக்ரோல் கூலிக் கணக்கில் பெயர் விழாவிட்டால், மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்களுக்கு நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா?

முன்பு எங்கள் ஆபீசில் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்போது பெரிய கிளாக்கராக இருந்த அப்பாவின் கதிரைக்குப் பின்னால் ஓர் ஆணி. ஸ்டோர் சாவி, மருந்து அறைச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி எல்லாம் அதில் ஒரே கொத்தாகத் தொங்கும். கணினி வந்தபோது அப்பா அதையும் ஒரு பூட்டாகவே நினைத்தார். தேயிலைப் பெட்டியின் மட்டையில் ஒரு துண்டு வெட்டி, தன் பெயரில் இருந்த கடவுச்சொல்லை எழுதி, மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றி, அதே கொத்தில் கட்டிவிட்டார். வேலைக்கு வேண்டியவர்கள் எடுத்தார்கள். வேலை முடிந்ததும் மாட்டினார்கள். அவர் இருந்த காலம் முழுவதும் அதனால் ஒரு கெடுதி வந்ததில்லை, ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் என் கேள்வி. 2005 மார்ச் 12, சனிக்கிழமை பிற்பகல், எங்கள் கணினியில் இருந்த வதிவிடப் பட்டியலில் பதினொரு குடும்பங்களின் பெயர்களை அழித்தது யார் என்று உங்கள் பெட்டகம் சொல்லுமா? சொல்லுமென்றால் படிவத்தை நாளைக்கே நிரப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு
சி. நாகலெட்சுமி
கிளாக்கர், ஆட்லின் தோட்டம்


கொழும்பு
30.07.2007

நாகு,

நீ "நீங்கள்" என்று எழுதியது என்னைத் தள்ளி உட்கார் என்று சொன்னதுபோல இருந்தது. சரி, தள்ளியே இருந்து எழுதுகிறேன்.

லைன் அறுந்தால் என்ன செய்வது என்று பதினேழு தோட்டங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். உன் கேள்விக்குப் பிறகு ஓர் ஏற்பாடு சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்து இரும்புப் பெட்டியிலும் அரக்கு முத்திரை வைத்த ஓர் உறை இருக்கும். லைன் இல்லாத நாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்து அதை உடைக்கலாம். உடைத்த பிறகு புதுக் கடவுச்சொல் போடப்படும்.

உன் மற்றக் கேள்விக்குப் பதில், இல்லை. பெட்டகம் வைத்த நாளிலிருந்துதான் அது எழுதும். அதற்கு முந்தியது அதற்குத் தெரியாது. அந்த நாளைப் பற்றிக் கம்பனி விசாரணை வைத்து முடிவும் எழுதிவிட்டது. பட்டியலில் பெயர்களைத் திரும்பவும் சேர்த்தாயிற்று. இனி அதைக் கிளறுவதால் யாருக்கு நன்மை? அந்தத் துண்டு ஆணியில் தொங்காமல் இருந்திருந்தால் மாமாவுக்கு அந்த நிலை வந்திருக்காது. இனி யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறேன். தயவுசெய்து படிவத்தை அனுப்பு.

ஊர்மிளா


கொட்டகலை
14.08.2007

ஊர்மிளா அவர்களுக்கு,

"இனி கிளறுவதால் யாருக்கு நன்மை" என்று கேட்டிருந்தீர்கள். பெயர்களைத் திரும்பவும் சேர்த்தாயிற்று என்றும் எழுதியிருந்தீர்கள். பதினொரு குடும்பங்களின் பெயரைத்தான் சேர்த்தீர்கள். பன்னிரண்டாவது பெயர் ஒன்று இருக்கிறது. அதை யாரும் சேர்க்கவில்லை.

அந்தப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்கு வெறும் வீட்டுக் கணக்காக இருக்கலாம். இங்கே அதில் பெயர் இருந்தால்தான் அடையாள அட்டை விண்ணப்பத்தில் துரை கையெழுத்துப் போடுவார். மாயாண்டியின் மகள் தெய்வானை கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அட்டை எடுப்பதற்காக வைகாசியில் வந்தாள். அப்பா விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். புதுத் துரை கணினியைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லை என்றார். "இல்லீங்க துரை, எனக்குத் தெரிஞ்ச குடும்பம், மூணு தலைமுறையா ஏழாம் நம்பர் லயத்து வீட்டுல இருக்காங்க" என்று அப்பா சொன்னார். மெஷினில் இல்லாததற்குக் கையெழுத்து வைக்க முடியாது என்று துரை திருப்பிவிட்டார். அப்பா கொழும்புக்கு ஒன்றல்ல, மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. தெய்வானை அட்டை இல்லாமலே வேலைக்குத் திரும்பிப் போனாள். ஆவணியில் அவசரகாலச் சட்டம் வந்தது. சந்தைக்குப் போன இடத்தில், அட்டை இல்லை என்று பொலிஸ்காரர்கள் அவளைப் பிடித்தார்கள். ஆறு நாள் உள்ளே இருந்தாள். அந்த ஆறு நாளைப் பற்றி அவள் இன்றைக்கும் யாரிடமும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டம் கொதித்தது, கம்பனி விசாரணை வைத்தது. அழித்தவர் என்று மெஷினில் இருந்த பெயர் சிவசாமி. நீங்கள் அழித்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் யார் என்று கேட்டார்கள். "சாவி என் பொறுப்பு" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இரண்டு வருடமாக நானும் கேட்கிறேன். பதில் இல்லை.

லயத்துச் சனங்கள் என்ன நினைப்பார்கள்? யாரிடமோ எதையோ வாங்கிக்கொண்டு பெயரை விற்றுவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். நாங்கள் குவாட்டர்ஸை விட்ட அன்று காலை பெரட்டுக்களத்தைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்க முந்நூறு பேர் நின்றார்கள். ஒருவர் வணக்கம் சொல்லவில்லை. வேலையை விட்டு ஓய்ந்திருந்த மாயாண்டி மட்டும் முன்னால் வந்து, "முப்பத்தோரு வருசம் எங்க பேர எழுதுன கைங்க. அதே கை எப்புடிங்க அழிச்சிச்சு?" என்றார். கோபத்தில்கூடக் கேட்கவில்லை. அதுதான் அப்பாவை உள்ளுக்குள் கொன்றது. அன்றிலிருந்து அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் போகவில்லை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய பேப்பரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்.

இனி நேரே பேசுகிறேன். அந்தச் சனிக்கிழமை அப்பா டிக்கோயாவில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். கணேசமூர்த்தி லீவு. நான் மலையில் கொழுந்து நிறுவைக்குப் போயிருந்தேன். ஆபீசில் இருந்தது, புதுப் புரோகிராம் போடுவதற்குக் கொழும்பிலிருந்து வந்த நீ ஒருத்தி மட்டும். மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உறைப்புப் பத்தாது என்று அம்மா சம்பலில் மிளகாயை அள்ளிப் போட, எங்களுக்கெல்லாம் மூக்கால் ஒழுகியது. நீ மட்டும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய். அதே நாள்தான், ஊர்மிளா. நான் மடச்சி இல்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. எங்கள் மேல் அப்படித்தானே போட்டார்கள்.

புதுக் கடவுச்சொல்லை யாருக்கும் நான் சொல்லாததன் காரணம் இதுதான். எங்கள் பெயரில் இன்னொரு கை நுழைந்தது ஒரு தடவை போதும். காய்ச்சலோடும் போகிறேன். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நடந்த அன்றும் போனேன். படிவத்தில் இரண்டாவது பெயர் எழுத என்னிடம் ஆள் இல்லை. இருந்த ஒரு ஆளும் நீதான்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் அவருக்குத் திரும்பி வரவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நாகலெட்சுமி


கொட்டகலை
10.09.2007

நான்கு கிழமையாகிவிட்டது. பதில் இல்லை. அப்பாவின் மூன்று கடிதங்களுக்குக் காட்டிய அதே மரியாதை.

நாகலெட்சுமி


கொழும்பு
17.09.2007

நாகு,

ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். இது எட்டாவது. இதைக் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிடுவேன்.

நான்தான்.

அன்று பகல் இரண்டு மணிபோலக் கொழும்பிலிருந்து என் மேலதிகாரி டெலிபோன் எடுத்தார். இரண்டு வருடமாகச் செக்ரோலில் ஒருவர் பெயரும் இல்லாத குடும்பங்களை வதிவிடப் பட்டியலில் இருந்து எடுத்துவிடு, திங்கட்கிழமை வீட்டுக் கணக்குப் போகவேண்டும் என்றார். அந்தக் கணினியில் எனக்குச் சொந்தக் கடவுச்சொல் இல்லை. கொழும்பில் கேட்டால் திங்கட்கிழமைதான் தருவார்கள். காலையில் மாமா புறப்படும்போது ஆணியைக் காட்டி, "எதுக்கும் தேவைப்பட்டா எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எடுத்தேன். பதினொரு குடும்பங்கள், ஐந்து நிமிட வேலை. துண்டைத் திரும்ப மாட்டிவிட்டு, மாமி தந்த தேநீரைக் குடித்தேன். மாயாண்டி என்ற பெயரை வாசித்தேனா என்பதுகூட இன்று நினைவில்லை. அழித்த பெயரை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வெட்கம்.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அட்டைக்குக் கையெழுத்து வைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இது உண்மை. ஆனால் ஆனி மாதம் தெரிந்துவிட்டது. மாமாவின் மூன்று கடிதங்களும் என் மேசைக்குத்தான் வந்தன. பழைய பிரதி என் கையில் இருந்தது. அரை மணித்தியாலத்தில் எல்லாப் பெயரையும் திரும்ப ஏற்றியிருப்பேன். வீட்டுக் கணக்கு முடியட்டும், அதுவரை தொடாதே என்றார் மேலதிகாரி. நான் தொடவில்லை. தெய்வானையின் ஆறு நாளும் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் இருக்கிறது.

விசாரணையில் மாமா என் பெயரைச் சொல்லுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உத்தரவு போட்டவர் அடுத்த வருடம் வெளிநாடு போய்விட்டார். இங்கே என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, அப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு, இப்படிக் காரணங்களை ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கண்டுபிடித்தேன். ஒருவரின் பெயருக்குள் இன்னொருவர் ஒளிய முடியாத ஒன்றைக் கட்டினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பெட்டகத்துக்காகச் சண்டை பிடித்தேன். தீரவில்லை. போன கடிதத்தில்கூட ஆணியின் மேல் பழியைப் போட்டேன்.

கடிதங்கள் மூன்றும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன்.

ஊர்மிளா


கொட்டகலை
02.10.2007

ஊர்மிளா,

உன் கடிதத்தை ஹமீத் நானாவின் கடை வாசலில் நின்றே வாசித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. நேரே உள்ளே போய் அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று தெரிந்தும் வாசித்தேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டா இருந்தீங்க? ஏம்ப்பா சொல்லல?" என்று கத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எடுத்துக்கம்மான்னு சொன்னவன் நானு. ஸ்டோர் சாவிய ஒருத்தர் கையில குடுத்தா, உள்ள என்ன கொறைஞ்சாலும் குடுத்தவந்தான் பதில் சொல்லணும். நான் வேலைக்கு வந்த நாள்லருந்து அப்புடித்தான். நம்ம வீட்டுல தின்ன புள்ளைய, நாலு பேரு கூட்டத்துல வச்சு நானா காட்டிக் குடுக்குறது? அதுவா வந்து சொல்லும்னு இருந்தேன். இம்புட்டு நாளாகும்னு நெனைக்கல."

இரண்டு வருடத்தில் அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். அம்மா குசினியில் இருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. கடவுச்சொல் சாவி இல்லை என்பது அவருக்குப் புரியவே இல்லை. சாவியை எடுத்தால் ஆணி வெறுமையாக இருக்கும், எடுத்தவர் கையில் அது தெரியும். அந்தத் துண்டை ஒருவர் படித்துவிட்டு மாட்டினால் எடுத்ததே தெரியாது. அதைச் சாவி என்று நம்பி, சாவிக்குரிய பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டு, லயத்துச் சனங்களின் முன்னால் கள்ளனாக நடந்து போனார். கெட்டிக்கார மனுஷன் செய்கிற காரியமா இது?

என்ன செய்யவேண்டும் என்று கேட்டாய். எனக்கு எழுதியதை எனக்கு மட்டும் எழுதிப் பிரயோசனம் இல்லை. கம்பனிக்கு எழுது. அதன் தமிழ்ப் பிரதியைத் தோட்டக் கமிட்டித் தலைவர் நல்லமுத்துவுக்கு அனுப்பு. அதைப் பெரட்டில் வாசிக்கவேண்டும். அவர் பெயர் போனது அங்கேதான். வேறெங்கே வாசித்தாலும் திரும்பி வராது.

அப்பா இதற்குச் சம்மதிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு வேல போயிரும், வேணாம்" என்கிறார். நான் சம்மதிக்கிறேன். முடிவு உன்னுடையது.

நாகலெட்சுமி


கொழும்பு
15.10.2007

நாகு,

வெள்ளிக்கிழமை கம்பனியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மாமாவின் மூன்று கடிதங்களையும், அவை என் மேசைக்கு வந்த திகதி முத்திரையோடு சேர்த்தே கொடுத்தேன். நல்லமுத்து அண்ணனுக்குத் தமிழ்ப் பிரதி பதிவுத் தபாலில் வருகிறது. அதில் உத்தரவு வந்ததையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை முன்னால் எழுதவில்லை. அழித்தது என் கை என்பதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.

கொடுப்பதற்கு முதல் நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். துரைராசா மாஸ்டர் என்றால் கொட்டகலையில் இன்றும் எழும்பி நிற்பார்கள். "பிள்ளை, சிவசாமி உன்னைக் காட்டிக் குடுக்கேல்லை எண்டுறதுக்காக நீ தப்பியிட்டாய் எண்டு நினைச்சனியோ? நாளைக்கே போய்க் குடு. சாப்பாட்டைப் பற்றி யோசியாதை, எனக்குப் பென்சன் வருது" என்றார்.

என்னை இடைநிறுத்திவிட்டார்கள். அன்று பின்னேரமே பெட்டகத்தில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். என் மேசையில் இருந்து ஒரு தடவை திறக்கப் பார்த்தேன். நான் கட்டிய பெட்டகம் என்னை உள்ளே விடவில்லை. நான் முயன்றதையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். சரியாகத்தான் வேலை செய்கிறது.

மாமா இதை விரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். அவரிடம் சொல்லு, இந்தத் தடவை நான் அவரைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

ஊர்மிளா


கொட்டகலை
02.11.2007

ஊர்மி,

செவ்வாய்க்கிழமை வாசித்தார்கள்.

முந்தின நாள் நல்லமுத்து அண்ணன் வீட்டுக்கே வந்து அப்பாவைக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் காலையில் நான் எழுந்தபோது சவரம் செய்து, ஆபீசுக்குப் போட்டுப் போகும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கோட்டு இப்போது அவருக்குப் பெரிதாகிவிட்டது. ஹமீத் நானா கடையைத் திறக்காமல் எங்களோடு முதல் பஸ்ஸில் ஏறினார்.

தூறல். பனி. பெரட்டுக்களத்தில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக எல்லோரும் நின்றார்கள். துரையும் வந்திருந்தார். கம்பனி அனுப்பிய கடிதத்தை அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். அப்பாமேல் குற்றமில்லை என்று அதில் இருந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை, ஒருவரும் அசையவில்லை. பிறகு நல்லமுத்து அண்ணன் உன் கடிதத்தைத் தமிழில் வாசித்தார். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள், குரல் பெரிது. "அழித்தது என் கை, சிவசாமி அய்யாவின் கை அல்ல" என்ற முதல் வரியிலேயே பெண்கள் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. தெய்வானை அங்கேதான் நின்றாள். அவளும் இப்போது கொழுந்து பறிக்கிறாள். முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் மலைக்கு ஏறிவிட்டாள். அவள் உன்னை என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் உனக்கு மறைக்க விரும்பவில்லை.

அப்பாவிடம் யாரும் வரவில்லை. சனங்களுக்கு வெட்கம். நிலத்தைப் பார்த்தார்கள். நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டோம். அப்போது மாயாண்டி பின்னால் வந்தார். மடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டையை எடுத்தார்.

"கிளாக்கரய்யா, அட்டையில மூஞ்சியே தெரிய மாட்டேங்குது. புதுசுக்கு எழுதணும். ரெண்டு வருசமா அப்புடியே வச்சிருக்கேன். வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல."

மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. அப்பா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபாரம் எங்க?" என்றார். நான் ஓடிப்போய் ஆபீசில் இருந்து எடுத்து வந்தேன். ஸ்டோர் வாசலில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு எழுதினார். எழுத்து மாறி ஒரு படிவம் வீணாகிவிட்டது. இரண்டாவதில் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

நேற்று முன்தினம், கடைசி நாளில், உன் பெட்டகத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். என் பெயரில் திறப்பு வந்துவிட்டது. இரண்டாவது பெயருக்குக் கணேசமூர்த்தியை எழுதினேன். பாவம், அவரும் எத்தனை நாள் பொறுத்திருந்தார். கடவுச்சொல் இப்போது என் தலையில் இல்லை. நேற்று இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் லீவு போட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் பகல் முழுக்கத் தூங்கினேன். நீ கட்டியது நல்ல சாமான்தான், ஊர்மி. நீ அதைக் கட்டிய காரணத்தை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுத இனி நம் இருவருக்கும் உரிமையில்லை. அப்பா எழுதச் சொன்னதை எழுதுகிறேன்:

"நான் குடுத்தேன், நீ எடுத்த. ரெண்டு பேரும் பதில் சொல்லியாச்சு. வேல போனத நெனைச்சு அங்க தனியா ஒக்காந்துகிட்டு இருக்காத. வர்ற வியாழக்கெழம தீவாளி. ஒங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்து சோறு தின்னுட்டுப் போ."

அறை சிறிது, நிலத்தில்தான் படுக்கவேண்டும். சம்பலில் மிளகாயைக் கூட்டவா, இல்லை கொழும்புக்குப் போய் நாக்கு மாறிவிட்டதா என்று அம்மா கேட்கிறார். அதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

நாகு